டெப்போ நம்பரில் பேசிய குரல்

எனக்கு இருபத்து நாலு வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே இன்னும் இருப்பவர்களுக்குச் சங்கடம். அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறிப் போவேன், சாயங்காலம் அடுத்த ஆள் வந்ததும் திரும்புவேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. அந்த ஊரில் அறுபது எழுபது பேரிடம்தான் போன் இருந்தது. அந்தப் போன்களில் எண்ணைச் சுழற்றும் வட்டெல்லாம் கிடையாது. எடுத்தால் என் குரல்தான் கேட்கும். எந்த நம்பர் வேண்டும் என்று என்னிடம் சொல்ல வேண்டும், நான் வயரை எடுத்து அந்தத் துளையில் சொருக வேண்டும். என்னைத் தாண்டி அந்த ஊரில் யாரும் யாரோடும் பேச முடியாது. இருபத்து நாலு வயதில் ஒருத்திக்கு இந்த அதிகாரம் கிடைத்தால் தலைக்கு ஏறாமல் இருக்குமா? எனக்கு ஏறியது.

எனக்கு முகம் மறந்துவிடும், குரல் மறக்காது. இரண்டு தடவை பேசிவிட்டால் போதும், மூன்றாம் தடவை "அலோ" என்பதற்குள் ஆள் யாரென்று சொல்லிவிடுவேன். ஒட்டுக் கேட்பது தப்பு என்று வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். லைன் நிற்கிறதா என்று பார்க்க ஒரு விநாடி காதைக் கொடுக்கலாம் என்பது விதி. அந்த ஒரு விநாடியை எல்லா ஆபரேட்டர்களும் வேண்டிய மட்டும் நீட்டிக்கொள்வோம். நானும் நீட்டினேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஊரே அடங்கிவிடும். தலைக்கு மேல் ஃபேன், எதிரே போர்டு, காதில் ஹெட்போன். வேறு என்ன செய்வது?

எங்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அந்தப் பக்கம் காற்று அதிகம். ஆடி மாதத்தில் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பாதிப் பேச்சில் லைன் அறுந்துவிடும். பேசியவர் மறுபடி என்னைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பதுதான் முறை. ஆனால் எங்கள் எக்ஸ்சேஞ்சில் கம்பி சரியானதும் நாங்களே அவரைக் கூப்பிட்டு, "கட்டாயிருச்சுல்ல, மறுபடி போடவா?" என்று கேட்போம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அப்படியே வந்த வழக்கம். பருத்திக் கமிஷன் கடைக்காரர் ஒருவர் என்னைப் பற்றி மேலதிகாரிக்குப் பாராட்டுக் கடிதமே எழுதிப் போட்டார். அதை வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். அந்தக் கடிதத்தை இன்றைக்கு நான் யாரிடமும் காட்டுவதில்லை.

ஊருக்கு வெளியே ஒரு கரி டெப்போ இருந்தது. வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டு எரித்த கரியை அங்கே கொண்டுவந்து, மூட்டை கட்டி லாரியில் வெளியூர்களுக்கு அனுப்புவார்கள். கரி மூட்டைக்கு அடியில் என்ன போகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெளி மாநிலத்திலிருந்து கேன் கேனாக ஸ்பிரிட் வரும். தண்ணீர் கலந்து சாராயமாக நாலு மாவட்டத்துக்குப் பிரியும். டெப்போ முதலாளிதான் இந்தப் பகுதிக்குத் தலை. கும்பல், தலைவன் என்றதும் கன்னத்தில் மருவோடு ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளை வேட்டி, மெல்லிய பேச்சு. கல்யாண வீடுகளில் முன் வரிசையில் உட்கார வைப்பார்கள். எங்கள் சர்ச்சில் ஊருக்கே போடும் அசன விருந்துக்கு அரிசி அனுப்புகிறவர். அவருடைய ஆட்களில் ஒருவன் தண்ணீரில்லாத கிணற்றில் செத்துக் கிடந்தபோது, தவறி விழுந்துவிட்டான் என்று அவன் வீட்டாரே எழுதிக் கொடுத்தார்கள். அந்த அளவுக்கு அவரிடம் பயம்.

அந்த டெப்போவிலிருந்து மாதத்தில் இரண்டு மூன்று தடவை, எல்லோரும் சாப்பிடப் போகும் மதிய நேரத்தில், ஒரு குரல் என்னைக் கூப்பிடும்.

"தாயி, அந்த டவுனு நம்பர் ஒண்ணு கொஞ்சம் போட்டுக் குடுங்க."

டெப்போவில் போனைத் தொடுகிறவர்கள் நாலு பேர். மற்ற மூவரும் "ஏய் எக்ஸ்சேஞ்ச்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இவர் ஒருவர்தான் தாயி என்பார். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வார். ஐம்பது வயது இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆளைப் பார்த்ததே இல்லை. அவர் கேட்பது டவுனில் குடியிருந்த ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டருடைய வீட்டு நம்பர். ஸ்டேஷன் நம்பர் அல்ல, வீட்டு நம்பர். இணைத்ததும் இவர் சொல்வது ஒரே வரிதான்.

"அக்காவுக்கு மருந்து நாளைக்குக் காலைல பஸ்ஸுல வருதுங்க."

மறுநாள் காலை எம்.ரெட்டியபட்டி ரோட்டிலோ வேறெங்கோ ஒரு லாரி பிடிபடும். முதல் தடவை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் தடவை சந்தேகம். மூன்றாம் தடவை புரிந்துவிட்டது, முதலாளியின் கூடவே உட்கார்ந்து சாப்பிடும் ஒருவர் போலீஸுக்குத் துப்பு கொடுக்கிறார். தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர்: அவர், இன்ஸ்பெக்டர், நான். எனக்குத் தெரிந்திருப்பது மற்ற இருவருக்கும் தெரியாது. அந்த நாட்களில் எனக்கிருந்த பெருமையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பஸ்ஸில் யாராவது பிடிபட்ட லாரியைப் பற்றிப் பேசினால், நானே பிடித்துக் கொடுத்ததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வேன். அவரை எனக்குப் பிடித்துப்போனது. அந்தக் குரலுக்கு ஆபத்து வரக்கூடாது என்று ஜெபத்தில்கூடச் சேர்த்துக்கொண்டேன்.

ஓர் ஆடி மாதம், காற்று கண்ணைத் திறக்க விடாத ஒரு நாள், மதியம் அந்தக் குரல் வந்தது. இணைத்தேன். "அக்காவுக்கு மருந்து" என்று ஆரம்பித்தார், லைன் அறுந்தது. நான் அதற்குள் வேறு மூன்று பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கால் மணி நேரம் கழித்துக் கம்பி சரியானது. கை பழக்கத்தில் டெப்போ நம்பருக்கு மணி அடித்தது. எடுத்தார்கள்.

"அலோ."

"சார், இன்ஸ்பெக்டர் வீட்டு லைன் கட்டாயிருச்சுல்ல, இப்ப வந்துருச்சு. மறுபடி போடவா?"

அந்த "அலோ" அவருடையது இல்லை என்று என் காதுக்கு அப்போதுதான் எட்டியது. பெருமைப்பட்டுக்கொண்டேனே, அந்தக் காது அன்றைக்கு என் வாய்க்குப் பின்னால் வந்தது.

"எந்த இன்ஸ்பெக்டர் வீடும்மா?" என்று மெதுவாகக் கேட்டார் முதலாளி.

"ராங் நம்பர் சார். வேற ஒருத்தருக்குப் போட வேண்டியது."

"அப்படியா? சரிம்மா. வேலையப் பாரு."

வைத்துவிட்டார். ஒவ்வொரு வெளியூர்ப் பேச்சுக்கும் ஒரு சீட்டு எழுதி வைப்போம், எங்கிருந்து எந்த நம்பருக்கு என்று. அன்றைய சீட்டைக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்து, சாக்கடையில் போட்டேன். அரை மணி நேரத்தில் டெப்போவிலிருந்து ஒரு ஆள் வந்து அன்றைய சீட்டுக் கட்டைக் கேட்டான். கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கா பேசுனது?" என்றான். டெப்போவிலிருந்து யாருமே பேசவில்லை, நான்தான் தப்பாக மணி அடித்தேன் என்று சாதித்தேன். அவன் நம்பவில்லை என்பது அவன் போன விதத்திலேயே தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் கண்டக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"டெப்போ லாரி டிரைவர அடிச்சு நொறுக்கிட்டாய்ங்களாம். போலீசுக்குத் துப்பு குடுத்தவன் அவன்தானாம். மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காக. எடது காலு தேறாதாம்."

அந்த டிரைவரை எனக்குத் தெரியும். எம்.ரெட்டியபட்டிக்காரர், முப்பது வயது. எப்போதாவது பஸ்ஸில் பார்த்திருக்கிறேன், சத்தமாகப் பேசுவார். அவர் குரல் அது இல்லை. அந்தக் குரலுக்குப் பக்கத்தில்கூட வராது. பிழைத்தவர் பிழைத்துக்கொண்டார், சம்பந்தமே இல்லாத ஒருவர் என் பேச்சால் நொறுங்கிக் கிடந்தார்.

அந்த வாரமே மதியத்தில் போர்டில் டெப்போ நம்பரின் சின்ன மூடி விழுந்தது, அழைப்பு வந்தால் அப்படித்தான் விழும்.

"தாயி, அந்த டவுனு நம்பர்."

இணைத்தேன். இந்தத் தடவை முழுக்கக் கேட்டேன். அவர் மருந்தைப் பற்றிப் பேசவில்லை. இன்ஸ்பெக்டர்தான் கேட்டார், "என்னய்யா, அந்த டிரைவர் மேல எப்படிப் போச்சு?"

அவர் செருமினார். "அன்னிக்கு அந்நேரத்துல டெப்போல இருந்தது நானும் அவனும்தான் சார். மொதலாளி கேட்டாரு. நாந்தான் அவன் பேரச் சொன்னேன். வேற என்ன செய்ய?"

"நல்லதாப் போச்சு. அப்படியே இருக்கட்டும். நாங்களும் ஒண்ணும் சொல்லல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வயரைப் பிடுங்கி எறிந்தேன். லைன் அறுந்தது. அவருக்காக ஜெபம் செய்த என் வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. அந்த நிமிஷம் அவரை முதலாளி எரித்துக் கொன்றாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு, ஒரு பெண் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள், கையில் தூக்குவாளி இருந்தது. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"டெப்போவுக்கு போன் போட்டது நீங்கதானாமே அக்கா?"

"ஆமா. அது ராங் நம்பர்."

"இருக்கட்டும்க்கா. நான் அதக் கேக்க வரல. பேசுனது எங்க வீட்டுக்காரரு குரலு இல்லன்னு மட்டும் மொதலாளிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. உங்களுக்குக் கேட்டா ஆளு தெரிஞ்சுருமாமே, ஊருக்குள்ள சொல்றாக. கால் போனாப் போகுது. காட்டிக் குடுத்தவன்னு பேராயிருச்சு. எந்த லாரிக்காரரும் அவுகளச் சேத்துக்க மாட்டேங்கிறாக. சொந்தக்காரகூட வீட்டுப் பக்கம் வரப் பயப்படுறாக."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் இளகியிருப்பேனோ என்னவோ. போர்டில் ஒரு மூடி விழுந்தது. அதற்குப் பதில் சொல்லப் போவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"எங்களுக்கு நம்பர்தாம்மா தெரியும். குரலெல்லாம் தெரியாது" என்றேன்.

"சரிக்கா, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வெயிலில் பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் நடந்து போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்? டிரைவர் இல்லை என்று சொன்னால் பேசியது யார் என்று அடுத்த கேள்வி வரும், அவர் செத்திருப்பார், ஓர் உயிரைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்மேல் எனக்கு அன்றைக்குத் துளிக்கூட இரக்கம் இல்லை. உண்மை வேறு. எனக்கு வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. குரல் தெரியும் என்று சொன்னால் ஒட்டுக் கேட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். சீட்டைக் கிழித்ததும் வெளியே வரும். வேலை போகும். முதலாளியின் ஆட்கள் எங்கள் வீட்டு வாசலுக்கும் வருவார்கள். இவ்வளவுதான். பயந்தேன். ஒரு பெண் வெயிலில் வந்து ஒரு வார்த்தை கேட்டாள், அதை என் சம்பளத்துக்காகக் கொடுக்காமல் அனுப்பினேன்.

அந்தக் குரல் அதற்குப் பிறகு வரவில்லை. நான் வயரைப் பிடுங்கியதில் பயந்துவிட்டாரோ என்னவோ. இரண்டு வருஷத்தில் அந்த முதலாளியை வேறு யாரோ, வேறு வழியில் பிடித்தார்கள். டெப்போ கைமாறியது. தொண்ணூறுகள் பிறந்ததும் எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு ஆட்டோமேட்டிக் மிஷின் வந்தது, ஆபரேட்டர் தேவையில்லை என்றார்கள். என்னை அருப்புக்கோட்டை ஆபீசுக்கு மாற்றி ஃபைல் பார்க்கச் சொன்னார்கள். ஒரு வகையில் நிம்மதி. காகிதம் குரல் எழுப்பாது என்று நினைத்தேன்.

அப்போது ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் முளைத்துக்கொண்டிருந்த நேரம். ஊனமுற்றவர்களுக்கு முன்னுரிமை உண்டு. ஒரு நாள் மேசைக்கு வந்த விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் "முன்னாள் லாரி டிரைவர்" என்று இருந்தது. ஊர் எம்.ரெட்டியபட்டி. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. காரணம் என்ற இடத்தில் "விபத்து" என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த ஃபைலை அடியிலிருந்து எடுத்து மேலே வைத்தேன். கையெழுத்துக்கு நானே தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைந்தேன். இன்றைக்கு என்ன அம்மா இவ்வளவு சுறுசுறுப்பு என்று பியூன் கேலி பண்ணினார். பூத் கிடைத்துவிட்டது, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்.

ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகாமல் சுற்றி நடந்தேன். ஒரு நாள் நல்ல மழை. மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்த அக்காவுக்கு அவசரமாகப் பேச வேண்டியிருந்தது. வேறு பூத்தில் கூட்டம். உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார், சுவரில் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. நான் பேசி முடித்துக் கண்ணாடிக் கூண்டிலிருந்து வெளியே வந்ததும் அவர் சிரித்தார்.

"நீங்கதான எம் ஃபைலத் தள்ளிவிட்டவுக? பியூன் சொன்னாரு. பழைய எக்ஸ்சேஞ்ச் அம்மான்னும் சொன்னாரு. உக்காருங்க, மழை விடட்டும்."

உட்கார்ந்தேன். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று, "அன்னிக்கு டெப்போவுக்கு நான் போன் போட்டது" என்று ஆரம்பித்தேன்.

"அது உங்க வேலைம்மா. அதுல என்ன இருக்கு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "யாரு பேசுனதுன்னு எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளிய லாரிக்கு அடியில நெழலுக்குப் படுத்துருந்தேன். மருந்துன்னு அவரு சொன்னது காதுல விழுந்துச்சு."

"தெரியுமா? அடிக்கிறப்ப சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டு தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. அவருக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக. சொன்னா அவரக் கரிமூட்டத்துல வச்சுருப்பாய்ங்க. எனக்குக் காலோட போச்சு." நழுவிய ஊன்றுகோலைச் சுவரில் சரியாகச் சாய்த்து வைத்தார். "பேரு வேண்டாம்மா. போன வருசம் செத்துப் போனாரு. நல்ல மனுசன். அடிச்சுப் போட்டுட்டுப் போனதும் என்னையத் தூக்கி வண்டியில ஏத்துனதே அவருதான். அப்படி அழுதாரு. சாகுற வரைக்கும் தீவாளிக்குத் தீவாளி எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போவாரு. என் வீட்டுக்காரிக்குக்கூட ஏன்னு தெரியாது."

"நாந்தான் அவன் பேரச் சொன்னேன்" என்று செருமலோடு வந்த அந்தக் குரல் எனக்குள் கேட்டது. நான் அதைச் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாரோ, அதைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

அப்போது அவர் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரி வந்து கேட்டப்ப, குரல் தெரியாதுன்னு சொன்னீகளாமே. அவ வந்து உங்களக் கண்டபடி ஏசுனா. எனக்கு மட்டும் புரிஞ்சுருச்சு. நம்ம மாதிரியே இன்னொருத்தரும் அந்த மனுசன் உசுர மறைச்சு வச்சுருக்காகன்னு. ஆஸ்பத்திரியில கெடந்த நாலு மாசமும் அந்த நெனப்புத்தாம்மா எனக்குத் தெம்பு. அதுக்குத்தான சொல்லாம இருந்தீக?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வேண்டும் என்று இல்லை, தெரிந்ததைச் சரிபார்க்கிறவரைப்போல் பார்த்தார்.

"ஆமா" என்றேன்.

அவர் தலையாட்டினார். மழைக்கு ஒதுங்கி ஒரு ஆள் உள்ளே வந்தார். அவரிடம் என்னைக் காட்டி, "பழைய எக்ஸ்சேஞ்ச் அம்மா. ரொம்ப நல்லவுக" என்றார். மழை இன்னும் விடவில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.